வயோலாக்காரரின் இடக்காது

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவருடைய வேலை. வாரத்தில் இரண்டு மாலை மட்டும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பார். முதல் வயலின் அவருடைய அக்கா. இரண்டாம் வயலின்காரர், கனத்த குரலுள்ள பெரிய செல்லோ வாசிப்பவர் என்று இன்னும் இருவரோடு அந்த மேற்கத்திய இசை நால்வர் குழு ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷமாகிறது. அக்கா கண்டிப்பானவள். தாளம் தப்பினால் வில்லாலேயே முறைப்பாள் என்று குழுவில் கேலி செய்வார்கள்.

போன வருஷம் அவருக்கு இடக்காது மந்தமானது. "இனி தேறாது, குறையத்தான் செய்யும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவிக்கு மட்டும் தெரியும். அக்காவிடம் மூச்சு விடவில்லை. தன் இடப்பக்கம் உட்காரும் அக்காவின் வில் எழும்புவதைப் பார்த்தே தன் முறையைத் தொடங்கிச் சமாளித்துவந்தார்.

நூலக மாடியில் கச்சேரி. எழுபது நாற்காலி, எழுபதிலும் ஆள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ், பின்னால் வந்தவர்களின் இசையில் எப்படியெல்லாம் தங்கிப்போனார் என்பதுதான் அன்றைய விஷயம். முதலில் பாஹ், அப்புறம் நூறு, இருநூறு வருஷம் கழித்து எழுதியவர்கள். ஒருவர் வாசித்ததை அடுத்தவர் வாங்கிக்கொள்ள, அதன் மேலேயே மூன்றாமவர் ஏறிவரும் பின்னல் எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவர் பிசகினால் நாலு பேரும் காலி.

இடைவேளைக்குப் பிறகு, ரசனையாக இருக்கட்டும் என்று நூலகர் விளக்குகளைக் குறைத்துவிட்டார். தாள் மேல் மட்டும் சின்ன வெளிச்சம். அக்காவின் வில் இருட்டோடு இருட்டாகிவிட்டது. அவர் குத்துமதிப்பாக எண்ணி நுழைந்தார். தாளத்தில் இரண்டு தட்டு முந்திவிட்டது. செல்லோ தடுமாறியது. பின்னல் அப்படியே குலைந்தது.

அக்கா வில்லைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள். "மன்னிச்சுக்குங்க, முதல்லேருந்து வாசிக்கிறோம்."

இரண்டாம் முறை அவர் வில் தந்தியில் பட்டும் படாமலும், சத்தமே எழாமல் ஓடியது.

பின்னறையில் அக்கா கதவைச் சாத்தினாள். "மறுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, 'ரெண்டு தட்டு பொறுத்து வா'ன்னு உன் பக்கத்துலேயே சொன்னேன். நீ திரும்பக்கூட இல்ல. காது கேக்கலையாடா?"

"இந்தப் பக்கம் கேக்கலக்கா."

"எத்தனை நாளா?"

"வருஷமாச்சு. சொன்னா வேற ஆளைப் போட்டுடுவியோன்னு பயம்."

"போட்டுத்தான் இருப்பேன்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

சொன்னபடியே செய்தாள். அடுத்த மாதம் அதே கச்சேரி இன்னோர் அரங்கில் நடந்தபோது, வயோலாவில் ஓர் இளம்பெண் இருந்தாள். அவர் கடைசி வரிசையில், வலக்காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். அன்று அவர் முந்திக்கொண்ட இடத்தில் அந்தப் பெண் கச்சிதமாக நுழைந்தாள். கேட்கச் சுகமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

முடிந்ததும் அவளிடம் போய், "நல்லா வாசிச்சீங்கம்மா" என்றார். அவள் ஏதோ பதில் சொன்னாள். கூட்டத்தின் இரைச்சலில் அவருக்குப் பிடிபடவில்லை. சிரித்துவைத்தார்.