கார்டு எரியலீங்க சார்

மழையில நனைஞ்ச மிளகுக்கொடி வாசமும் கம்ப்ரஸர் ஆயில் சூடாகுற வாசமும் ஒண்ணா வந்தா, எனக்கு இப்பவும் செம்மேடுதான் ஞாபகம் வரும்...

ரெண்டாயிரத்து ஒண்ணோ ரெண்டோ இருக்கும். கொல்லிமலை செம்மேட்டுல ஒரு டிரஸ்ட் நடத்துன தொழிற்பயிற்சி சென்டர்ல நான் எலக்ட்ரிகல் டீச்சர். ராசிபுரத்துல மில்லு வேலையை விட்டுட்டு மேல வந்திருந்தேன். மெக்கானிக்கல் பக்கம் ஸ்டீபன் சார், நாகர்கோவில்காரரு.

ஓசூர்ல ஒரு கம்பெனி பழைய ரோபோ ஒண்ணைக் கழிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு, நடையா நடந்து அதைக் கேட்டு வாங்கினவரு அவருதான். லாரியில வந்துச்சு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் இறங்கி, கட்டின கயித்தை இழுத்துப் பார்த்துக்கிட்டே வந்தாராம்.

ரோபோவோட கை ஆடுச்சு, திரும்புச்சு. ஆனா பொருளைப் பிடிக்கணுமே? நுனியில காத்துல இயங்குற கிரிப்பர், விரல் மாதிரி மூடித் திறக்குற பிடி, மாட்டினோம். ரோபோவோட கன்ட்ரோல் கார்டுல இருந்து வர்ற ஆன்-ஆஃப் சிக்னல், அதான் டிஜிட்டல் அவுட்புட், ஒரு வால்வைத் திறக்கணும், கம்ப்ரஸர் காத்து போயி விரல் மூடணும். அவ்ளோதான் வேலை.

வெள்ளிக்கிழமை டிரஸ்ட் ஆளுங்க பார்க்க வாராங்க. அது ஓடலைன்னா கோர்ஸையே நாமக்கல்லுக்கு மாத்திடுவோம்னு சொல்லியிருந்தாங்க. தேவனூர் நாடு, பைல் நாடுன்னு மலைக்குள்ள இருந்து வர்ற பசங்க தினம் கீழ போயிட்டு வர முடியுங்களா? பாதிப்பேரு நின்னுடுவாங்க.

புதன்கிழமை கிளாஸ் முடிச்சு வந்தா, ஸ்டீபன் சார் ஸ்டூல்ல உக்காந்திருக்காரு. முகமே சரியில்ல.

"என்னாச்சுங்க சார்?"

"வால்வை நேரா அவுட்புட்டுல குடுத்துட்டேன் டீச்சர். அசையல. மீட்டர் வெச்சா ஜீரோ காட்டுது. கார்டை எரிச்சுட்டேன்."

அந்தக் கார்டு வேற எங்கயும் கிடைக்காது. செஞ்ச கம்பெனியே அந்த மாடலை நிறுத்தியாச்சு.

"கொண்டாந்தவனே கெடுத்துட்டேன்"னாரு, ரொம்ப மெதுவா.

கார்டுகிட்ட மூக்கை வெச்சுப் பார்த்தேன்... கருகின வாசமே இல்ல. அப்பத்தான் மில்லுல இருந்த சென்சார் ஞாபகம் வந்துச்சு. அதுல ஒரு வகை, தானா வோல்ட் குடுக்காது. ஆன் ஆனா மைனஸுக்குப் பாதை மட்டும் திறந்து விடும். பிளஸ்ஸை நாமதான் குடுக்கணும். அதனாலதான் வால்வும் அசையாம, மீட்டரும் ஜீரோ காட்டுதோ?

"சார், கறுப்பு ஒயரை மைனஸ்ல வெச்சுத்தானே பார்த்தீங்க? மீட்டரோட சிவப்பு ஒயரைப் பிளஸ்லயும், கறுப்பை அவுட்புட்லயும் வெச்சு ஒருக்கா பார்க்கலாங்க."

அவரு அவுட்புட்டை ஆன் பண்ணாரு. நான் மீட்டரைப் பிடிச்சுப் பார்த்தேன்.

இருபத்தி நாலு வோல்ட்.

ஆஃப் பண்ணாரு. போயிடுச்சு. மறுபடி ஆன்... இருபத்தி நாலு.

"கார்டு எரியலீங்க சார். நல்லாத்தான் இருக்கு."

அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. ரொம்ப நேரம் தொடைச்சாரு. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

வால்வு இழுக்குற கரண்ட்டை அந்த அவுட்புட் தாங்காதுன்னு நடுவுல ஒரு ரிலே போடலாம்னு முடிவு பண்ணோம். அவுட்புட் ரிலேயை மட்டும் தட்டிவிட்டா போதும், வால்வை ரிலே பார்த்துக்கும். சேந்தமங்கலத்துல எலக்ட்ரிகல் கடை வெச்சிருந்த ரஷீத் பாய்க்கு பூத்துல இருந்து போன் போட்டு ரிலே கேட்டேன். "சாயங்கால பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்து வுடுறேன் மேடம், கவலைப்படாதீங்க"ன்னாரு. சொன்ன மாதிரியே வந்துச்சு.

மறுநாள் காலையில ஒயரிங் முடிச்சு ஆன் பண்ணோம். ரிலே டக்குன்னுச்சு, விரல் மூடுச்சு. முதல்ல குடுத்த மலைவாழைப்பழத்தை நசுக்கிக் கூழாக்கிடுச்சு. காத்தைக் குறைச்சு மரக்கட்டை குடுத்தோம்... அலுங்காம தூக்கி வெச்சுது. ஸ்டீபன் சார் சத்தமா சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை டிரஸ்ட் ஆளுங்க முன்னாடியும் ஓடுச்சு, கோர்ஸ் மலையிலயே தங்கிடுச்சு.

இப்போ கோயம்புத்தூர்ல ஒரு பிளான்ட்ல இருக்கேன். ரோபோவுக்கு டூல் மாட்ட ஒரே கேபிள். தப்பா மாட்டினா ஸ்கிரீனே எங்க தப்புன்னு சொல்லிடும். நல்லதுதான், குறை சொல்லல.

ஆனா ஒரு மெஷின் சரியாகி ஓட ஆரம்பிச்சதும், யாராவது கூடச் சிரிக்கிறாங்களான்னு என்னை அறியாம பக்கத்துல திரும்பிப் பார்க்குறேன்...

எல்லாரும் அடுத்த மெஷினுக்குப் போயிருப்பாங்க.