பதிலுக்கு நின்றவர்கள்

நான் பார்த்துக்கொள்ளும் கிழவருக்கு இன்று காலை இருமல். மருந்துக்கடை திறக்க நேரம் இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கி, மல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தேன். என்ன நாற்றம் இது என்று அறைக்குள்ளிருந்து கிழவர் கத்தினார். நாற்றமாம். இதே பலெர்மோ நகரில் இதே மல்லித்தண்ணியை இரண்டு கைகளாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு குடித்த ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித் தொடங்கினால் நான் லேசில் நிறுத்தமாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. பாட்டும் ஆட்டமுமாக நடக்குமே, அந்த மேடை நாடகங்களில் நியூயோர்க்கில் நடித்தவர். ஊர் பார்க்க வந்த இடத்தில் ஒரு சிசிலிக்காரரைக் கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டார். கணவர் இறந்தபின் வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். சின்யோரா என்றுதான் நான் கூப்பிடுவேன்.

உண்மையில் அது என் வேலை வீடு அல்ல, பிலோமினா அக்காவின் வேலை வீடு. மகளின் கல்யாணத்துக்கு அக்கா மன்னாருக்குப் போனபோது இரண்டு மாதம் பதிலுக்கு நிற்கப் போனேன். அந்தக் காலத்தில் இங்கே எங்கள் இலங்கை ஆட்களிடம் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. வேலையைச் சும்மா விட்டுவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது அது இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் வேலையில்லாத ஒருத்தியைப் பிடித்து, வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். வந்ததும் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான்.

"இஞ்சை பார், அவ நல்ல மனுசி. ஆனா ஒண்டையும் மாத்திப்போடாதை. கோப்பைகூட நான் வைக்கிற இடத்திலைதான் இருக்கோணும்" என்று அக்கா சொல்லித்தான் அனுப்பினார்.

முதல் நாள் கதவைத் திறந்த சின்யோரா என்னைக் கண்டதும் "ஆ..." என்று ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிலோமினா இல்லையா என்ற மூச்சு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரோ சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, மன்னிப்புக் கேட்டார். அந்த மூச்சைத் தன் காலம் முழுக்கக் கேட்டவராம் அவர்.

அவருடைய தொழிலே பதிலுக்கு நிற்பதுதான். பெரிய நடிகை ஒருத்தியின் வேடத்தை வசனம், பாட்டு, ஆட்டம் என்று ஒன்று விடாமல் பாடமாக்கி வைத்திருப்பார். சின்யோராவின் அளவில் தைத்த உடுப்பும் தயாராகத் தொங்கும். தினமும் பின்னேரம் நேரத்துக்கே போய், மேல்மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு, கீழே மேடையில் அந்த மற்றவள் பாடுவதைக் கேட்டபடி கம்பளி பின்னுவார். நியூயோர்க்கில் பாதிப்பேர் தன் சுவெற்றரைத்தான் போட்டார்கள் என்று சிரிப்பார். எப்போதாவது மற்றவளுக்குச் சுகமில்லாமல் போனால் இவருக்கு அழைப்பு வரும்.

"சனம் அவளைப் பாக்கத்தானே ரிக்கற் எடுத்து வரும். இண்டைக்கு அவ இல்லையெண்டு மைக்கிலை சொன்ன உடனை அந்தச் சத்தம் வரும். அதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் சிரிச்சுக்கொண்டு மேடைக்குப் போகோணும்." அவர் இத்தாலியனில் சொன்னது, என் வாயில் இப்படித்தான் வருகிறது.

மேடையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் காலையில் தொண்டையைப் பழக்குவதை அவர் விடவில்லை. கீழே மீன்காரர் கத்த, மேலே இவர் பாட, நடுவில் நான் நிலம் துடைப்பேன். தொண்டைக்கு நல்லது என்று ஒருநாள் மல்லித்தண்ணி கொடுத்தேன். அக்கா மாற்றாதே என்று சொன்னதில் நான் மாற்றியது அது ஒன்றுதான். பிறகு தினமும் கேட்டார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

மற்றவளுக்கு நோய் வருத்தம் வரவேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"ஒவ்வொரு பின்னேரமும் நினைப்பன். உண்மையா வந்திட்டுதெண்டால் முதல் ஆளாச் சூப் கொண்டு போவன்."

கல்யாணம் முடிந்தும் அக்கா வரவில்லை. மாமியார் விழுந்துவிட்டாராம், பிறகு வேறு ஏதோ. என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, முடியப் போகிற நேரம் அது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போனால் அதைப் புதுப்பிக்கமாட்டார்கள், நாட்டை விட்டுப் போகச் சொல்வார்கள். சின்யோராவின் கடிதம், கணக்கெல்லாம் பார்த்த மருமகன், கணவரின் சகோதரி மகன், அவள் இனி வரமாட்டாள், ஒப்பந்தத்தை இவள் பெயரில் எழுதிவிடுவோம் என்றார். சின்யோராவும் தலையாட்டினார். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் கிழமையே அக்கா போன் எடுத்தார். "ரிக்கற் எடுத்திட்டன். வெள்ளிக்கிழமை வாறன்."

ஒப்பந்தம் வேண்டாம் என்று சின்யோரா மருமகனிடம் சொல்லிவிட்டார். என் பெர்மெஸ்ஸோ முடிகிறதே என்றேன், அழாமல் சொல்லத்தான் பார்த்தேன்.

"தெரியும். உன்ரை நிலைமை என்னைவிட ஆருக்குத் தெரியும்? ஆனா வீட்டுக்குப் போன ஒருத்தி திரும்பி வரேக்கை அவளின்ரை இடத்திலை இன்னொருத்தியை இருத்த என்னாலை ஏலாது. அதுக்குப் பயந்துகொண்டுதான் எங்கடை நாடக ஆக்கள் காய்ச்சலோடையும் ஆடினவை."

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் அழுதார். நான் யாரைக் கோபிப்பது? அக்கா தன்னுடைய வேலைக்குத்தான் வருகிறார். சின்யோரா செய்ததும் சரிதான், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எல்லாரும் நல்லவர்களாக இருந்து, எனக்கு மட்டும் போக இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அக்காவிடம் திறப்பைக் கொடுத்தேன். அவர் என் கையில் பனங்கட்டிப் பொட்டலம் ஒன்றை வைத்தார்.

கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவப் போனதில் பெர்மெஸ்ஸோ எப்படியோ தப்பியது. பிறகொருநாள் பூசைக்கு வந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன பழக்கமடி பழக்கி வைச்சனீ? விடிஞ்சா மல்லித்தண்ணி கேக்கிறா." நான் சிரித்துவிட்டு, கடற்கரையில் போய் இருந்து நன்றாக அழுதேன். அடுத்த மாரியில் சின்யோரா இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

இப்போது அந்த மாடி உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குப் போகிறது. வுச்சீரியாவில் மீன்காரர் ஒருசிலர்தான் மிச்சம், இரவானால் குடிக்கடைகள். பிலோமினா அக்கா இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைத்ததும் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அவர் மட்டுமா, பாதிப்பேர் போய்விட்டார்கள். கோயில் வாசலில் இப்போது கூட்டமே இல்லை. இருக்கிற நாலுபேருக்கும் அவரவர் வேலை.

போன வருடம் அம்மாவுக்கு நோய் கடுமை என்று மன்னாரிலிருந்து தம்பி அழைத்தான். தாராளமாகப் போய் வா, பதிலுக்கு ஒருத்தியைத் தந்துவிட்டுப் போ என்றார் கிழவரின் மகள். அவரையும் குறை சொல்ல முடியாது, கிழவரால் தனியே எழுந்து நடக்க ஏலாது. தெரிந்த நம்பருக்கெல்லாம் அடித்தேன். "நான் இப்ப லண்டனிலையெல்லே அக்கா" என்றாள் ஒருத்தி. இங்கேயே பிரான்காச்சோப் பக்கம் இருந்த ஒருத்தி வருகிறேன் என்று சொல்லி, மறுநாள் மாட்டேன் என்றாள்.

தம்பி போனை அம்மாவின் காதோடு வைத்தான்.

"எப்ப பிள்ளை வாறாய்?"

"ஆள் கிடைச்ச உடனை வாறன் அம்மா."

"ஓம், ஓம். ஆளைப் பாத்து விட்டிட்டு வா" என்றார்.

அம்மா போய்விட்டார். ஆள் இன்னும் கிடைக்கவில்லை.