கிட்ட வராதடா உருண்டை!

நாய் ஆஸ்பத்திரியில், அதுவும் தொற்றுநோய் வார்டில் நர்ஸ் வேலை என்றால் சும்மாவா? அவள் தெரு முனையில் திரும்பும்போதே பிளீச்சிங் பவுடர் வாடை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். தெருவே சேர்ந்து 'பிளீச்சிங் அக்கா' என்று பேர் வைத்துவிட்டது. வைத்துவிட்டுப் போகட்டும்! அவளுக்கு நாய்க்குட்டி என்றால் உயிர்.

அது தெரிந்துதான் தையல்காரப் புருஷன், அவள் பிறந்தநாளுக்கு உருண்டையாக ஒரு குட்டியை வாங்கி வந்து வாசலில் காத்திருந்தார். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தார், பாவம் மனுஷன்.

"ஐயோ, கிட்ட வராதடா!" அலறிக்கொண்டு வந்த வழியே தெருப்பக்கம் ஓடினாள். "என்னங்க, உள்ள தூக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்துங்க!"

"இத்தனூண்டு குட்டியைப் பார்த்தா பயப்படற?"

"அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயப்படறேன்!"

அன்று காலையில்தான் பார்வோ வைரஸ் தாக்கிய குட்டி ஒன்று அவள் கையிலேயே உயிரை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே விளக்கினாள்.

"குடல்ல இருக்கிற செல்லுங்க, இரும்புச்சத்தை வாங்கிக்க வெளியில கை நீட்டிட்டிருக்கும். ரிசெப்டார்னு சொல்வாங்க. இந்தத் திருட்டு வைரஸ் அந்தக் கையைப் பிடிச்சே உள்ள போயிடுவான். வளர்ற குட்டிக்குத் தேவை ஜாஸ்தி, நீட்டற கையும் ஜாஸ்தி. நமக்கு அந்த நோய் வராது. ஆனா நம்ம செருப்புல, துணியில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்துடுவான்."

"ஊசி போட்டாச்சே?"

"ஒண்ணுதானே? எல்லாத்தையும் போட்டா உடம்புல காவலுக்கு ஆள் வந்துடும். அவன் கையைப் பிடிக்கிறதுக்குள்ள அமுக்கிடுவாங்க. அதுவரைக்கும் நான் பின்னறையில இருந்துக்கறேன்."

சொன்னபடியே பின்னறைக்குக் குடிபோனாள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். சாயங்காலம் குளித்துவிட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். குட்டி இந்தப் பக்கம் தாவித் தாவிக் குதிக்கும். "கிட்ட வராதடா உருண்டை, கிட்ட வராத!" என்று கொஞ்சுவாள்.

"கல்யாணமான புதுசுல கூட என்னை இப்படிப் பார்த்ததில்ல நீ," என்பார் புருஷன்.

ஒருவழியாக ஊசியெல்லாம் முடிந்து, டாக்டரும் சரி என்றார். தலைக்குக் குளித்து, புதுத்துணி உடுத்தி, கூடத்துத் தரையில் உட்கார்ந்து கையை விரித்தாள்.

"வாடா செல்லம்! வாடா தங்கம்!"

குட்டி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தையல்காரர் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ம்ஹூம். "என்னை யாரோன்னு நினைக்குதுங்க," என்றாள். கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது.

"போடா, கிட்ட வராத!"

குட்டியின் காது விறைத்தது. ஒரே பாய்ச்சல். மடியில் ஏறி, மூக்கு, வாய், கண் என்று பாக்கி வைக்காமல் நக்கியது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு விடாமல் சொன்னாள்:

"கிட்ட வராதடா... கிட்ட வராத..."