ஆடியில் பறிபோன அறை: லண்டனில் ஒரு வாரம் வீடு தேடிய கதை

லண்டனுக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அரண்மனை வாசலில் நின்று எடுத்த படம் எதுவும் இந்தப் பதிவில் கிடையாது. 2006 செப்டம்பர் கடைசி வாரம், என் தங்கை நித்யாவுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுப்பதற்காக ஆபீசில் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். ஜூலையிலேயே கிடைத்திருந்த அறையை வீட்டில் உட்கார்ந்தபடியே தொலைத்ததால் வந்த பயணம் இது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. அதனால் கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன்.

நித்யாவுக்கு லண்டனில் மூன்று வருட ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு முதல் வருடம் விடுதியில் அறை நிச்சயம் உண்டு. ஜூலை முடிவதற்குள் இணையத்தில் சம்மதம் சொல்லி முன்பணம் கட்டினால் போதும். அந்தக் கடிதம் வந்தபோது ஆடி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வெளிநாட்டில் செல்லுபடியாகும் கிரெடிட் கார்டு எங்கள் வீட்டில் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது.

"ஆடியில யாராவது வீடு பிடிப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும், முதல் நாளே கட்டிடலாம். ரூம் எங்க ஓடியா போயிடும்?" என்றார் அப்பா.

ஓடித்தான் போனது. ஆவணி முதல் தேதி, குளித்து விபூதி பூசி, நல்ல நேரம் பார்த்து அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பணம் கட்டும் பக்கம் திறக்கவே இல்லை. என்ன ஆயிற்று என்று நித்யா எழுதிக் கேட்டதற்கு, அறையை வேறு மாணவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. லண்டன் விடுதிக்காரருக்கு ஆடியைத் தெரியுமா, ஆவணியைத் தெரியுமா? "சரி, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிடப் போனார். போய்ப் பார்த்தது நாங்கள்.

திங்கட்கிழமை காலை ஹீத்ரோவில் இறங்கினோம். பிக்காடிலி ரயிலில் நாற்பது நிமிடத்தில் எர்ல்ஸ் கோர்ட். அங்கே ஒரு மலிவு விடுதியில், ஆறு பேர் படுக்கும் அறையில், ஒரு கட்டிலுக்கு இரவுக்குப் பதினெட்டு பவுண்டு. என் திரும்பும் விமானம் ஞாயிறு மாலை. மறுநாள் திங்கட்கிழமை நித்யாவுக்குப் படிப்பு தொடங்குகிறது. அதற்குள் அவளுக்குத் தங்க ஓர் இடம் வேண்டும்.

கல்லூரியின் தங்குமிட அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வரிசை. உள்ளே இருந்த பெண் சிரித்த முகத்தோடு காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குள் ஏதாவது காலியாகலாமாம். அடுத்து வீட்டுத் தரகர்களிடம் போனோம். போன இடமெல்லாம் ஒரே பாட்டு. இந்த நாட்டில் சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாக வைக்க வேண்டும். வந்து இறங்கி ஒரு நாள் ஆன பெண்ணுக்கு ஜாமீன் போட இங்கே யார் இருக்கிறார்கள்? அதைக் கடைசியாகப் பார்த்த தரகரிடம் கேட்டேவிட்டேன். அவர் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புதன்கிழமை சவுத்தால். "தனி அறை" என்று விளம்பரத்தில் போட்டிருந்த இடத்தில் நான்கு மெத்தைகள் கிடந்தன. தனி எங்கே என்று கேட்டால், தனியாக ஒரு மெத்தை என்று விளக்கம் சொன்னார்கள்! வியாழக்கிழமை விம்பிள்டன். எர்ல்ஸ் கோர்ட்டிலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயிலில் இருபது நிமிடம்தான், நல்ல அறையும்கூட. நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே இன்னொருவர் பணம் கொடுத்துவிட்டார். அலுத்துப்போய்ப் பக்கத்துத் தமிழ்க் கடையில் தண்ணீர் வாங்கினோம். கல்லாவில் இருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அறையோ தேடுறியள்? செவன் கிங்ஸில எங்கட ஆக்கள் ஒரு அறை விடினம். சனிக்கிழமைதான் வீட்டில நிப்பினம், போய்ப் பாருங்கோ" என்று ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பாவின் போன் வந்தது. "இன்னும் கிடைக்கலையா? அப்ப நேரம் சரியில்லைன்னுதான் அர்த்தம். பேசாம அவளையும் கூட்டிட்டு வந்துடு. படிப்பெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரத்தைக் கெடுத்தவரே நேரம் சரியில்லை என்கிறார். உதவித்தொகை என்ன, அடுத்த வருடம் வரை இவருக்காகக் காத்திருக்குமா? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கீழ்க் கட்டிலில் நித்யா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயதில் அவள் அப்பாவை ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. எனக்கு அவள்மேலும்தான் கோபம்.

சனிக்கிழமை, கிடைத்தால் அங்கேயே தங்கிவிடலாம் என்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டே கிளம்பினோம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து செவன் கிங்ஸுக்கு ரயிலில் இருபத்தைந்து நிமிடம், அங்கிருந்து வீட்டுக்கு ஏழு நிமிட நடை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கணவன் மனைவி இருவர்தான். மாடியில் சின்ன அறை, தோட்டத்தைப் பார்த்து ஒரு ஜன்னல், மேசை, கட்டில். கரண்டு, கேஸ் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு அறுபது பவுண்டு. ஜாமீன் பற்றிப் பேச்சே இல்லை. நான் பணத்தை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, இண்டைக்கு அட்டமி. நாளைக்கு நவமி. திங்கக்கிழமை வாங்கோ, காசு வாங்கிக்கொண்டு திறப்பைத் தாறன்."

திறப்பு என்றால் சாவி. "அதுவரைக்கும் எங்களுக்காக வச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு பேர் பாக்க வருகினம். காசு வாங்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

ஐயாயிரம் மைல் பறந்து வந்தும் பஞ்சாங்கம் எங்களை விடவில்லை! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கெஞ்சுவதா, கத்துவதா என்று நான் நின்ற நேரத்தில் நித்யா தன் பெட்டியைக் கதவுக்கு உள்ளே இழுத்து வைத்தாள்.

"ஆன்ட்டி, ஆடின்னு சொல்லி எனக்கு ஒரு ரூம் போயிடுச்சு. அட்டமின்னு சொல்லி இன்னொண்ணு போகக் கூடாது. நான் இங்கேயிருந்து நகர மாட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர், ஆனால் ஆள் நகரவில்லை.

அந்த அம்மா உள்ளே மாட்டியிருந்த சாமிப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி பிள்ளை, அழாதேங்கோ. காசைச் சாமிப் படத்துக்கு முன்னால வையுங்கோ. நான் திங்கக்கிழமைதான் அதைத் தொடுவன். அறை உங்கட கணக்குத்தான், திறப்பை இப்பவே கொண்டு போங்கோ" என்றார்.

இவ்வளவுதான். சாஸ்திரமும் கெடவில்லை, பிள்ளைக்கும் அறை கிடைத்தது. அப்பாவுக்கு மட்டும் ஜூலையில் இந்த யோசனை வந்திருந்தால்? பணத்தை ஆடியில் கட்டிவிட்டு, ஆவணியில் பால் காய்ச்சியிருக்கலாமே! அந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கு அப்பாமேல் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

அடுத்த வருடம் பிள்ளைகளை அனுப்பப்போகிறவர்கள் கவனியுங்கள். கல்லூரியில் இடம் உறுதியான அன்றே விடுதிக்கும் விண்ணப்பியுங்கள். கடைசித் தேதி ஆடியில் வந்தால் ஆடியிலேயே கட்டுங்கள். கார்டு வெளிநாட்டில் செல்லுமா என்று மே மாதமே பாருங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யார் சொன்னாலும், விமான டிக்கெட்டை அவர் பெயரில் எடுத்துவிடுங்கள்.

அன்று மாலை அப்பா மறுபடி கூப்பிட்டார். போனை நித்யா வாங்கிக்கொண்டாள்.

"ரூம் கிடைச்சிடுச்சுப்பா... ஆமா, அட்டமிதான். தெரிஞ்சுதான் குடுத்தேன்." அந்தப் பக்கம் அப்பா வெகுநேரம் பேசினார். அவள் முழுவதும் கேட்டாள்.

"அடுத்த வருஷத்துக்கு ரூமை மார்ச்லயே புக் பண்ணிடுவேன்பா. பண்ணிட்டு உங்ககிட்ட சொல்றேன்."