மெற்றில்டா திருப்பிக் கொடுத்த டிஸ்க்

கொட்டாஞ்சேனை மெற்றில்டாவை அயலவர்கள் பலர் வாகனம் ஓட்டுகிறவள் என்றே நினைத்திருந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய தகப்பன் றொபேட், "மகள் டிரைவர் எழுதுறா" என்று சொல்லித் திரிந்ததால் வந்த வினை. உண்மையில் அவள் வெள்ளவத்தையில் ஒரு சிறிய கம்பனியில், கம்பியூட்டர் தன் டிஸ்குகளோடு பேச உதவும் மென்பொருளை எழுதினாள். அதற்குப் பெயர்தான் டிரைவர்.

யுத்த காலம். மின்வெட்டு அடிக்கடி வரும். மின்சாரம் போய் வரும்போதெல்லாம், கம்பியூட்டரில் பூட்டியிருந்த புது டிஸ்க் பழுது என்று திரை சொல்லும். மெற்றில்டா அதைக் கழற்றிப் பையில் போட்டு, வழியில் மறிக்கும் ஆமிக்காரருக்குச் சிங்களத்தில் விளக்கம் சொல்லி, மருதானையில் அதை விற்ற சிறிலிடம் கொண்டுபோவாள். அவன் உள்ளே கொண்டுபோய், கொஞ்ச நேரத்தில் மாற்றித் தருவதுபோல் பெட்டியோடு ஒரு டிஸ்கை நீட்டுவான். மூன்றாம் தடவைதான் வாய் திறந்தான்.

"மெற்றில்டா, என்ட டிஸ்க் நல்லம். உங்கட டிரைவர்தான் பொய் சொல்லுது."

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது பிழை என்று காட்டவே, டிஸ்குகள் அனுப்பும் பிழைக் குறிப்புகளை வந்த வரிசையிலேயே திரையில் தெரியச் செய்தாள். அடுத்த மின்வெட்டு முடிந்ததும் புது டிஸ்க், இன்னும் தயாராகவில்லை, பொறு என்று ஒரு குறிப்பு அனுப்பியது. அதே கம்பியூட்டரில் முன்பிருந்தே இருந்த பழைய டிஸ்க் உடனேயே தன் பழுதைச் சொன்னது. இரண்டையும் வைக்க டிரைவரில் அவள் ஒதுக்கியிருந்தது ஒரே பஃபர், குறிப்பைத் தற்காலிகமாக வைக்கும் ஒரே இடம். முதல் குறிப்பை வாசிக்குமுன் இரண்டாவது அதன்மேல் விழுந்துவிட்டது. பழையதின் நோய் புதியதின் தலையில்.

மெற்றில்டா தனியே இருந்து சிரித்தாள். ஒவ்வொரு டிஸ்குக்கும் தனித்தனி பஃபர் வைத்தாள். சரிபார்க்க மின்வெட்டு வேண்டும். அந்த வாரம் பார்த்து மின்சாரம் போகவேயில்லை. பொறுமையிழந்து மெயின் சுவிச்சை நிறுத்தினாள்.

"பிள்ளை, நான் ரைப் பண்ணினது எல்லாம் போட்டுது" என்று உள்ளறையிலிருந்து வந்தார் முதலாளி இராஜநாயகம்.

"சொறி சேர். இதை ஒருக்காப் பாருங்கோ."

சுவிச்சை மறுபடி போட்டாள். திரை பழைய டிஸ்கை மட்டும் பழுது என்றது. இராஜநாயகம் ஏச வந்ததை மறந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்று பின்னேரமே அவள் மருதானைக்குப் போனாள்.

"சிறில், பிழை என்னிலதான். உங்களிட்டத் திரும்பி வந்த மூண்டு டிஸ்கும் நல்லது."

"மூண்டோ?" சிறில் சிரித்தான். "எல்லாம் ஒரே டிஸ்க்தான். நீங்க கொண்டுவந்ததையே உள்ள சோதிச்சுப் பாத்திட்டு, துடைச்சுத் துடைச்சு உங்களுக்கே தந்தனான்."

பிறகு இருவரும் பக்கத்துக் கடையில் மீன் வைத்த மாலுபாண் சாப்பிடப் போனார்கள்.