கிரைண்டர் பட்ட எண்

என் கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் கண்ணை உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் வாங்கிய பழைய ஆங்கிலக் கார், புந்தோங்கில் அண்ணன் வீட்டில் நின்றது. அப்பா போன பிறகு அதைப் பார்த்துக்கொண்டவன் நான். வண்டிப் பத்திரமான கெரான் மட்டும் அண்ணன் பெயரில்.

பழைய கார்கள் சேர்க்கும் ஈப்போக்காரர் ஒருவர் அதைக் கேட்டார். முழுசாக வைத்து ஓட்டுவேன் என்றார். எனக்கு அது போதும். வெட்டி விற்கிறவன் கையில் போய்விடுமோ என்றுதான் பயந்திருந்தேன்.

எஞ்சினைப் பார்த்தேன். கையால் சுழற்றியபோது நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி முரண்டின, அழுத்தம் குறையவில்லை. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. துருவுக்கு அடியில் பொறித்திருந்த எண்ணும் கெரானில் உள்ள எண்ணும் ஒன்று. பழைய வண்டிக்கு மதிப்பே அதுதான். அந்த எண் இல்லாமல் பெயர் மாற்றவும் முடியாது. அண்ணனிடம் சொன்னேன்.

"தெரியும்லா, நீ சும்மா இரு."

காரை அனுப்பும் நாளில் பூசை போட்டார். நான் பட்டறை வேலை முடிந்து வந்தபோது எஞ்சின் வெள்ளியாகப் பளபளத்தது. கிரைண்டரால் துருவை எடுத்து, சாயம் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். எண் இருந்த இடத்தில் விரல் வைத்தேன். வழவழவென்று இருந்தது.

"அண்ணே, நம்பரு..."

"துருமேலயா பொட்டு வைக்கிறது? பூசை நேரத்துல வாயை மூடுடா."

கார் வாங்க வந்தவர் டார்ச் அடித்துத் தேடினார். "நம்பர் எங்க தம்பி?" என்று என்னைக் கேட்டார். அண்ணன் என்னை முறைத்தார்.

"போயிருச்சு சார்," என்றேன், தரையைப் பார்த்து.

"அப்ப காரு வேணாம். எஞ்சினை மட்டும் கழட்டிக் குடுங்க, ஸ்பேருக்கு ஆகும்."

அண்ணன் தலையாட்டினார். கழற்றியது நான். மிச்சத்தைச் சிம்பாங் பூலாயிலிருந்து வந்த பழைய இரும்பு லாரி ஏற்றிப்போனது.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முழுசாப் போயிருக்கும். இவன் வாயாலதான் கெட்டுச்சு," என்று அண்ணன் போகிற வீடெல்லாம் சொல்கிறார். எல்லோரும் நம்புகிறார்கள். வாயே திறக்காதவன் அன்றைக்கு மட்டும் திறந்தானாம்.

இந்த ஆயுத பூசைக்கு என் ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைக்கவில்லை.

எழுதியது: பூசைக்கு மறுநாள், அக்டோபர் 2.