செவலையிடம் அம்மா சொன்ன புகார்

என் அம்மா ஹான் வியட்நாம்காரி. காரைக்கால்காரரான என் அப்பா கஸ்தோனோடு எழுபத்தொன்பதாம் வருஷம் வரை, இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் அவள் சொன்ன முதல் தமிழ் வாக்கியத்துக்கு அத்தை ஐரேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அன்றைக்கு மூடிய வாய். அம்மாவின் ரோஷம் அப்படி. அப்பா நினைத்ததோ வேறு. "ஒங்கம்மாவுக்குத் தமிழ் ஏறாது, ஜெனேவியேவ்" என்பார் என்னிடம்.

அப்பா சைகோனில் கப்பல் கம்பெனி குமாஸ்தா. எழுபத்தைந்தில் ஆட்சி மாறிக் கம்பெனியை மூடியதும், சைகோனுக்கு வெளியே குச்சி என்ற ஊர்ப் பக்கம் அம்மாவின் பிறந்த வீட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே எங்களுக்கு வாய்த்தது ஒரு பசு. நிறமும் செவலை, பெயரும் செவலை. கன்று செத்த பிறகு அப்பாவின் குரலைக் கேட்டால்தான் பால் இறக்கும். குரல் என்றால் கொஞ்சல் அல்ல, புலம்பல். விடிந்ததும் மடியைக் கழுவி உட்கார்ந்தாரானால், அம்மாவைப் பற்றிய புகார் மூட்டையைத் தமிழில் அவிழ்த்துக் கொட்டுவார். அம்மா பக்கத்திலேயே வைக்கோல் உதறிக்கொண்டிருப்பாள். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம் அவருக்கு.

எழுபத்தொன்பது மழையில், பால் கேனோடு சைக்கிளில் போனவர் சறுக்கி, பாலத்துக் கட்டையில் முகம் மோத விழுந்தார். தாடை உடைந்தது. வலது மணிக்கட்டும் போயிற்று. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது, குழாய் வைத்து உறிஞ்சுவதுதான் சாப்பாடு. வெறும் கஞ்சித் தண்ணீரில் ஆள் தேறமாட்டார், பால் கொடுங்கள் என்றார் டாக்டர். ரேஷன் அரிசியிலேயே சோளம் கலந்து தந்த காலம் அது. பாலுக்கு எங்கே போவது? செவலைதான் கதி.

செவலையோ பாலை அடக்கிக்கொண்டது. நான் கறந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் கறந்தார். அரை டம்ளர் வந்தது, கூடவே உதையும் வந்தது. தொழுவத்தருகே கட்டிலைப் போட்டு அப்பாவைப் படுக்கவைத்துப் பார்த்தோம். கட்டிய வாயிலிருந்து "ம்ம்" என்றுதான் வந்தது, மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நாளில் அதன் மடி கல்லாய் இறுகியது, அப்பாவின் கன்னம் ஒட்டிப்போயிற்று. மாடும் போச்சு, மனுஷனும் போச்சு என்று நான் அழுதேன்.

நான்காம் நாள் காலை அம்மா அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"என்னாடி செவலை, கேட்டியா சேதிய? இவ வைக்கிற கொழம்புல உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. மீன் தண்ணிய ஊத்திட்டுக் கொழம்புங்குறா. வாயத் தொறந்தா முத்து உதுந்துடும்னு நெனப்பு இவளுக்கு..."

அப்பாவின் இழுப்பு, அப்பாவின் பெருமூச்சு. ஒன்றும் பிசகவில்லை. செவலையின் காது திரும்பியது, மடி இளகியது, சர்சர்ரென்று பால் வாளியில் இறங்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கட்டிலில் அப்பாவுக்கோ திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை.

அம்மா நிறுத்தவில்லை. குரல் மட்டும் தணிந்தது.

"தம்பி ரொபேர் பிரான்சுக்குப் பிளேன் ஏறிட்டான். வாண்ணே வாண்ணேன்னு கெஞ்சுனான். இவ பெத்தவங்கள விட்டுட்டு வரமாட்டா. இவள விட்டுட்டு நான் எங்கடி போவேன், செவலை?"

பிரான்சுக்குப் போகக் கேட்டபோது காகிதம் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள் என்றுதான் அப்பா எங்களிடம் சொல்லியிருந்தார். உண்மை மாட்டுக்கு மட்டுமே தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தார். தாடைக் கட்டு நனைய நனைய அழுதார். அம்மா பாலைக் காய்ச்சி ஆற்றி, குழாயை அவர் பல்லிடுக்கில் வைத்தாள்.

ஆறு வாரமும் அதே புகார், அதே பால். அதற்குப் பிறகு அப்பா இருபத்துநான்கு வருஷம் இருந்தார். அந்தப் பசுவையும், தன்னைத் தானே திட்டிக்கொண்டு பால் கறந்த என் அம்மாவையும் நினைக்காமல் நான் ஒரு நாளும் ஜெபத்தை முடிப்பதில்லை.

கம்பியை எடுத்த மறுநாள் காலை அப்பாவே வாளியோடு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. செவலை காத்துக்கொண்டு நின்றது.

அம்மா வைக்கோலை உதறியபடியே தமிழில் எடுத்துக் கொடுத்தாள். "உப்பு இல்லேன்னு சொல்லுங்க. அப்பத்தான் எறக்கும்."

அப்பா மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"உப்பு சரியாத்தான் இருக்குடி, செவலை."

செவலை அதற்கும் இறக்கியது.